நான் கடலில் போட்ட மூன்று ஊர்கள்

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு டிரேசிங் தாள் இருக்கிறது. அதில் காம்பஸ் முனையால் குத்திய ஐந்து ஓட்டைகள். கிழித்துப் போடலாம் என்று எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறேன். கிழித்துவிட்டால் சௌகரியமாக மறந்துவிடுவேன் என்று பயந்து திரும்பவும் அங்கேயே வைத்துவிடுவேன்.

நான் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளியில் எனக்கு 'மேப் மிஸ்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் அது எனக்குப் பிடிக்கும். காரணம், என் வகுப்பில் வரைபடக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்காத பிள்ளை கிடையாது. மற்ற மிஸ்கள் எல்லாம் வரைபடம் என்றாலே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஆசிரியர் அறையில் யாராவது, "உங்க கிளாஸ் மட்டும் எப்படி மிஸ் எல்லாரும் ஃபுல் மார்க்?" என்று கேட்டால், நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "சொல்லிக் குடுக்கிற விதத்துல இருக்கு" என்பேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் விதம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிந்துச் சமவெளி நாகரிகத்தில் ஐந்து ஊர்களைக் குறிக்கச் சொல்லித்தான் எப்போதும் கேட்பார்கள். ஹரப்பா, மொகஞ்சதாரோ, காளிபங்கன், தோலவிரா, லோத்தல். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையிலிருந்து கட்டுக் கட்டாக, ஆறுகள் போட்ட இந்திய எல்லைக்கோட்டு வரைபடம் வாங்குவோம். வருஷக்கணக்காக அதே கடை, அதே அச்சு, அதே அளவு. படத்தைச் சுற்றி ஒரு கட்டம் இருக்கும். கணக்கில் கிராஃப் போடுகிற மாதிரி, அந்தக் கட்டத்தின் இடது கீழ் மூலையில் ஸ்கேலை வைக்கச் சொல்வேன். பக்கவாட்டில் இத்தனை சென்டிமீட்டர், மேலே இத்தனை சென்டிமீட்டர், அங்கே ஒரு புள்ளி. ஐந்து ஊருக்குப் பத்து எண்கள். அந்தப் பத்து எண்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆறு எங்கே ஓடுகிறது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது, எதையும் பார்க்க வேண்டியதில்லை.

திருத்துவதற்கு எனக்கு அதைவிடச் சுலபம். டிரேசிங் தாளின் மூலையை விடைத்தாளின் மூலையில் பொருத்துவேன். ஓட்டைக்குள் பென்சில் புள்ளி தெரிந்தால் ரைட். தெரியாவிட்டால் தப்பு. ஏ, பி என்று இரண்டு செக்‌ஷன், எண்பது தாள், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவேன். தாளுக்கு அடியில் இருப்பது இந்தியாவா, இட்லித் தட்டா என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாடத்தை நான் நன்றாகத்தான் எடுப்பேன். வரைபடம் என்றால் முதலில் திசை, அப்புறம் அளவை, அப்புறம் குறியீடு என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுப்பேன். ஒரே ஊரைச் சின்னப் படத்திலும் போடலாம், பெரிய படத்திலும் போடலாம், படம் மாறினால் அளவு மாறும் என்று கரும்பலகையில் நம்ம கேம்ப் ரோடு சந்திப்பைச் சின்னதாகவும் பெரிதாகவும் வரைந்து காட்டுவேன். "பழைய காலத்து ஜனங்க ஏன் ஆத்தங்கரையிலயே ஊர் கட்டினாங்க?" என்று கேட்டு, பிள்ளைகள் வாயிலிருந்தே பதிலை வரவைப்பேன். குடிக்கத் தண்ணீர், விளைய வண்டல், போய்வரப் படகு. எல்லாம் ஒரு வாரம்தான். அடுத்த வாரம் ஸ்கேலை எடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு வருஷம் முன்பு அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அந்தக் கடையில் வரைபடம் தீர்ந்துவிட்டது. மழை, லோடு வரவில்லை என்றார்கள். ஆபீசில், "கவலைப்படாதீங்க மிஸ், கையில இருக்கிறதை ஜெராக்ஸ் போட்டுடறோம்" என்றார்கள். போட்டார்கள். பக்கம் முழுக்க நிறைகிற மாதிரி கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "பரவால்லயே, பெருசா பளிச்சுன்னு இருக்கு" என்றுகூடச் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

தேர்வு நடந்தது. பிள்ளைகள் நான் சொன்ன எண்களைத் தப்பாமல் அளந்து, புள்ளி வைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடி கடலுக்கு நீலப் பென்சிலால் அழகாகச் சாயம் தீற்றியிருந்தார்கள். நான் டிரேசிங் தாளை வைத்தேன். ஓட்டைக்குள் புள்ளி, ஓட்டைக்குள் புள்ளி. ரைட், ரைட், ரைட். ஏ செக்‌ஷனில் ஒரே ஒரு பெண் மட்டும் ஐந்தையும் கோட்டை விட்டிருந்தாள். ஒரு புள்ளிகூட ஓட்டைக்குள் வரவில்லை. சிவப்புப் பேனாவால் ஐந்து பெருக்கல் குறி போட்டேன். என் வகுப்பில் ஒரு பூஜ்யமா என்று எரிச்சல் வேறு.

அந்தப் பெண் அனகாபுத்தூரிலிருந்து வருகிறவள். அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார், மறைமலை நகருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவார். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். வகுப்பில் அதிகம் பேசாத பெண். பேசினால் நேராகப் பேசும். எனக்கு நேராகப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது, நான் ஒருத்திதான் அப்படிப் பேசலாம் என்று ஒரு நினைப்பு.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அரையாண்டு மொத்த மதிப்பெண்ணை வைத்து ஏ செக்‌ஷனையும் பி செக்‌ஷனையும் கலைத்துப் போடுவார்கள். முதல் நாற்பது பேர் ஏ. மற்றவர்கள் பி. பெரியவர்கள் இதை 'மோட்டிவேஷன்' என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது மேலே இருப்பதும் கீழே விழுவதும்தான். அந்தப் பெண் ஆறாம் வகுப்பில்தான் முதல் தடவையாக ஏ செக்‌ஷனுக்கு வந்திருந்தாள். வந்த அன்று அவள் அப்பா வகுப்புக்கே லட்டு கொடுத்தனுப்பினார். நானும் ஒன்று தின்றேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் எழுந்து என் மேஜைக்கு வந்தாள். தாளை என் முன்னால் வைத்து, "மிஸ், மேப் கொஞ்சம் பாருங்க மிஸ். நான் ஆத்து மேலதான் வெச்சிருக்கேன்" என்றாள்.

பார்த்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. நான் டிரேசிங் தாளை எடுத்து அவள் தாள்மேல் படாரென்று வைத்தேன். "எங்க உன் புள்ளி? ஓட்டைக்குள்ள தெரியுதா?"

"தெரியல மிஸ். ஆனா நீங்கதானே சொன்னீங்க, ஆத்தங்கரையிலதான் ஊர் கட்டினாங்கன்னு. மத்தவங்க வெச்சது..."

"மத்தவங்களைப் பத்தி நீ பேசாத. முப்பத்தொம்பது பேருக்கு வந்தது உனக்கு மட்டும் ஏன் வரல?"

அவள் அப்போதும் நகரவில்லை. விரலை வைத்து, "இது சிந்து நதி மிஸ்" என்றாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது வீட்டிலும் தெரியும், பள்ளியிலும் தெரியும். சொன்னேன்.

"சிந்து நதியா, இல்ல உங்க வீட்டாண்ட ஓடுற அடையாறா? உனக்குன்னு தனியா ஒரு அனகாபுத்தூர் நாகரிகம் கண்டுபிடிச்சிருக்கியா?"

வகுப்பு சிரித்தது. நல்ல சிரிப்பு, பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வேன் நிற்கிற இடத்தில் ஒரு பையன் அவளை "ஏய் நாகரிகம்" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. பேர் ஒட்டிக்கொண்டது என்று புரிந்தது. கண்டுகொள்ளாமல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வாசல் பலகையில் புது செக்‌ஷன் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். நாற்பதாவது இடத்துக்கு மூன்று மதிப்பெண் குறைந்து அவள் பி-க்குப் போயிருந்தாள். ஐந்தில் மூன்று கிடைத்திருந்தாலே இருந்திருப்பாள்.

அவள் அப்பா கம்பெனி வேன் ஓட்டும் நீலச் சட்டையோடு வந்தார். டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார் போல, கண் சிவந்திருந்தது. மகள் பின்னால் நின்றாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ், கொழந்த அன்னிக்கு உங்களாண்ட எதுத்துப் பேசிச்சாமே. அதுவே வந்து சொல்லிச்சு. மனசுல வெச்சுக்காதீங்க மிஸ். நீங்க இன்னா சொல்றீங்களோ அதான். நானும் வூட்ல கண்டிச்சேன்."

திட்டியவள் நான். மன்னிப்புக் கேட்கிறவர் அவர். நான் பெரிய மனதோடு தலையை ஆட்டினேன். "பரவாயில்ல சார். சின்னக் குழந்தைதானே. பி செக்‌ஷன்லயும் நான்தான் எடுக்கிறேன், பார்த்துக்கிறேன்" என்றேன். இப்படி ஒரு தாராளம்.

அவர் கிளம்புகிறவர், என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்து நின்றார். அங்கே முதல் மாணவியின் வரைபடத்தைக் குத்தி வைத்திருந்தேன். 'சிறந்த வரைபடம்' என்று மேலே என் கையெழுத்தில் தலைப்பு. அவர் நாள் முழுக்க போனில் மேப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர். படத்தின் கிட்டே போனார். விரலால் தொடாமல், காற்றில் காட்டினார்.

"மிஸ், இந்த ஊருங்க தண்ணிக்குள்ள கீதே. மூணு ஊரு. இது கடல்தானே மிஸ்? முழுகிப்பூட்ச்சா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான், முதல் தடவையாக, அந்த வரைபடத்தைப் பார்த்தேன். நீலச் சாயத்தின் நடுவில், அரபிக் கடலில், மொகஞ்சதாரோ. அதற்குக் கொஞ்சம் கீழே தோலவிரா. இன்னும் கீழே, கரையை விட்டுத் தள்ளி, லோத்தல். ஹரப்பாவும் காளிபங்கனும் பாலைவனத்தில் கிடந்தன. படம் பெரிதாகியிருக்கிறது, எண்கள் அப்படியே இருக்கின்றன, ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. எழுபத்தொன்பது பிள்ளைகளை வைத்து மூன்று ஊர்களைக் கடலில் தள்ளி ரைட் போட்டிருக்கிறேன். தள்ளாமல் நின்ற ஒருத்திக்குப் பூஜ்யம்.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். சந்தேகத்தோடு கேட்கவில்லை. குறும்பாகவும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், முகத்தில் அது தெரிந்தது. பின்னால் மூன்று பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து மேஜையில் கணக்கு மிஸ்.

"ஆமாம்" என்றேன். "கடல்ல மூழ்கிப்போச்சு. அதெல்லாம் பழைய கதை."

"அய்யய்யோ" என்றார். ரொம்ப வருத்தமாகச் சொன்னார். மகளிடம் திரும்பி, "பாத்தியா, மிஸ்ஸுக்கு எவ்ளோ தெரிஞ்சிக்கீது. கேட்டுக்கோ" என்றார். அந்தப் பெண் பலகையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பத்து, பதினோரு வயசுக் குழந்தை எதுவும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஜெராக்ஸ் வரைபடத்தையும் கடை வரைபடத்தையும் டைனிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். ஏதாவது ஒரு ஊராவது தப்பித்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "என்ன, சனிக்கிழமையும் ஸ்கூல் வேலையா?" என்று கணவர் கேட்டார். "சும்மாதான்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை பட்டியல் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. பொங்கல் லீவு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. எண்பது தாளையும் திரும்ப வாங்கித் திருத்தினால் என்ன ரகளை ஆகும், எந்தெந்தப் பெற்றோர் வந்து நிற்பார்கள், 'மேப் மிஸ்' என்று சொன்ன வாய்கள் என்ன சொல்லும், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தையைத் தவிர எல்லாரையும் நினைத்துப் பார்த்தேன். பி செக்‌ஷனும் என் கிளாஸ்தானே, என்ன குறைந்துவிட்டது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். பலகையிலிருந்து அந்தப் படத்தை மட்டும் யாரும் பார்க்காதபோது கழற்றிவிட்டேன். அதற்கு மட்டும் சுறுசுறுப்பு இருந்தது.

பி செக்‌ஷனில் அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏ செக்‌ஷனில் அவளுக்கு ஒரே ஒரு தோழி. சாப்பாட்டு இடைவேளையில் அவள் டிபன் பாக்ஸோடு ஏ செக்‌ஷன் வாசல் வரை போய், உள்ளே தோழி வேறு பிள்ளைகளோடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை ஒரு நாள் பார்த்தேன். அவள் என்னிடம் முன்பு மாதிரிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் கேட்டால் பதில் சொல்வாள். புத்தகத்தில் இருப்பதை, அதே வார்த்தையில்.

பிப்ரவரியில் ஒரு நாள் வரைபடப் பயிற்சி வைத்தேன். கடையில் புது வரைபடம் வந்துவிட்டிருந்தது. ஆனால் வகுப்பு லீடர் அலமாரியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட பழைய ஜெராக்ஸ் கட்டைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். நான் கவனிப்பதற்குள் பாதிப் பேர் ஆரம்பித்துவிட்டார்கள். சரி, நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் அந்தப் பெண்ணின் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

அவள் இடது கீழ் மூலையில் ஸ்கேலை வைத்திருந்தாள். பக்கவாட்டில் அளந்தாள். மேலே அளந்தாள். பென்சிலைக் கொண்டுபோனாள். பென்சில் கடலுக்கு மேலே ஒரு நொடி நின்றது. அப்புறம் புள்ளி வைத்தாள். பக்கத்தில், முத்து முத்தான கையெழுத்தில், மொகஞ்சதாரோ என்று எழுதினாள்.

குனிந்து மெதுவாகக் கேட்டேன். "இது கடலாச்சேம்மா. உனக்குத்தான் தெரியுமே."

அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் மிஸ். இங்க வெச்சாதான் நீங்க ரைட் போடுவீங்க."

துளிகூடக் குத்தல் இல்லை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது ஒன்றுதான், அதை அவள் நன்றாகப் படித்திருக்கிறாள். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே பிரின்சிபால் அறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று தீர்மானம். உள்ளே போய் வாயைத் திறந்ததும் வந்தது என்னவோ, "மேடம், அரையாண்டுல ஜெராக்ஸ்ல ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு" என்பதுதான். பாவம், அந்த ஜெராக்ஸ் மெஷின். அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்குக் குறைக்க வேண்டாம், பெற்றோர் சத்தம் போடுவார்கள் என்றார். செக்‌ஷனை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு மாசம்தானே மிஸ், எதுக்குக் குழப்பம்?" என்றார். நான் சரி என்றேன். ரொம்ப வற்புறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வற்புறுத்தவில்லை.

இரண்டு வகுப்பையும் ஒன்றாக ஹாலில் உட்காரவைத்து விளக்கம் சொன்னேன். கடை வரைபடத்தையும் ஜெராக்ஸையும் பலகையில் ஒட்டி, படம் பெரிதானதால் அளவு மாறிவிட்டது, இந்தப் பெண் ஆற்றைப் பார்த்து வைத்ததால் அவளுடையது மட்டும்தான் சரி என்றேன். கை தட்டச் சொன்னேன், தட்டினார்கள். முதல் மாணவி எழுந்து, "எங்க மார்க் கொறையுமா மிஸ்?" என்று கேட்டாள். குறையாது என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. அங்கேயும் ஜெராக்ஸ் என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். நான் பார்க்கவில்லை என்று ஒரு தடவை சொன்னேனா? இல்லை. அனகாபுத்தூர் பற்றி நான் அன்று சொன்னதை ஒரு தடவை எடுத்தேனா? அதுவும் இல்லை. அப்படியும் மனசு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வழியாகச் செய்துவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் கலைந்தார்கள். அவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து கிட்டே வந்தாள்.

"மிஸ், எங்கப்பாகிட்ட சொல்லிடறீங்களா?"

"அஞ்சு மார்க் சேர்ந்ததையா? தாராளமா. நானே டைரியில எழுதிடறேன்."

"மார்க் இல்ல மிஸ். அந்த ஊருங்க முழுகலன்னு." அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள். "அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு மிஸ். வேன்ல வர்றவங்க, எங்க தெருவுல, மாமா வீட்டுல. மூணு ஊரு கடல்ல போயிடுச்சாம், எம்பொண்ணோட மிஸ் சொன்னாங்கன்னு. வேன்ல ஒரு அண்ணா போன்ல எடுத்துக் காட்டி சிரிச்சாராம். அப்பா அவர்கூட சண்டை போட்டுட்டு வந்தாரு. மிஸ்ஸுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு."

"நீ சொல்லலயா அவர்கிட்ட?"

"சொன்னேன் மிஸ். நீ மறுபடி மிஸ்ஸ எதுத்துப் பேசறியான்னு திட்டினாரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து மதிப்பெண், செக்‌ஷன், வகுப்பு சிரித்தது, எல்லாவற்றையும் அந்தக் குழந்தை எப்படியோ ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. ஒன்றை மட்டும் அதனால் வைக்க முடியவில்லை. அப்பா ஊரெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதை நம்பிச் சண்டை போடுகிறார். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை மாதமாக அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு எந்த ஜெராக்ஸ் மெஷினையும் நான் காட்ட முடியாது.

"நான் பேசறேன்" என்றேன். "இன்னிக்கே பேசறேன்."

"சரி மிஸ்" என்றாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு, எல்லாரும் போன பிறகு, காலி வகுப்பில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை மணி போகவிட்டேன். எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மிஸ். பாப்பாவுக்கு எதுனா..."

"இல்ல சார், அவ நல்லா இருக்கா. வண்டி ஓட்டிட்டிருக்கீங்களா?"

"ஓரமா போட்டுக்கினு கீறேன் மிஸ். ஷிப்டு ஆளுங்க வரணும்."

சொன்னேன். இந்தத் தடவை ஜெராக்ஸிலிருந்து ஆரம்பிக்கவில்லை. "அன்னிக்கு நீங்க பலகையில மூணு ஊரைக் காட்டிக் கேட்டீங்கல்ல சார். அது மூழ்கல. மொகஞ்சதாரோ ஆத்தங்கரையிலதான் இருக்கு. இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம். மத்த ரெண்டும் தரையிலதான் இருக்கு. அந்தப் படம் தப்பு. நான் திருத்தினது தப்பு. உங்க பொண்ணு வெச்சது ஒண்ணுதான் சரி. அதை நான் பார்க்கவே இல்ல. பார்க்காமலே அவளை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணேன். உங்க ஊரைச் சொல்லிக் கேலி பண்ணேன். பசங்க அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்களோ, அது நான் வெச்ச பேர்."

ஒரு பஸ் கடந்து போகிற சத்தம் கேட்டது. நான் லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்ப நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியாதா மிஸ், அது முழுகலன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க."

"ஆமாம் சார்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தினால் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் அழுதுவிட்டு, ஒரு வழியாக முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் குரல் ஏறவே இல்லை. அன்று பலகைக்கு முன்னால் நின்று கேட்டாரே, தெரிந்துகொள்கிற ஆசையில், அதே குரல்.

"இவனுக்கு இன்னா தெரியப் போவுதுன்னு நெனச்சிக்கினீங்களா மிஸ்?"

இல்லை சார், அப்படியெல்லாம் இல்லை என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வரிசையில் ஆள் நின்றது, பதற்றம், மானம் போய்விடுமே என்ற பயம், சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாமே உண்மையும்கூட. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் நீலச் சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு டாக்டரோ, ஐ.டி. கம்பெனிக்காரரோ அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். எழுந்து நின்று, மன்னித்துக்கொள்ளுங்கள் சார், தப்பு நடந்துவிட்டது என்றிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

"ஆமாம்" என்றேன்.

"சரி மிஸ்" என்றார். "ஆளுங்க வந்துட்டாங்க. வண்டி எடுக்கணும்."